மூன்று முறை முறிந்த சைக்கிள்!

1913-ம் ஆண்டு, ஜூலை மாதம் 9-ந் தேதி.

பிரான்சு நாட்டின் தென்கோடியில் உள்ள பைரனீஸ் மலை. கல்லும் புழுதியும் நிறைந்த மலைப் பாதையில் ஒரு மனிதர் தன்னந்தனியாக நடந்து இறங்கிக் கொண்டிருந்தார்.

அவருடைய தோளில் சைக்கிள். கையில் அந்த சைக்கிளின் முன் சக்கரம்.

அவர் சாதாரண வழிப்போக்கர் அல்ல. உலகம் அறிந்த சைக்கிள் பந்தயத்தில், அன்று முதலிடத்தைப் பிடிக்க இருந்த வீரர். சற்று நேரத்துக்கு முன்பு அவர் பின்னுக்குத் தள்ளிவிட்டு வந்தவர்கள் எல்லாம், ஒருவர் பின் ஒருவராக அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆத்திரத்தில் அவருடைய கண்களில் இருந்து நீர் வழிந்தது.

அவர் பெயர் யூஜின் கிறிஸ்டோப். அவரை நடக்க வைத்தது, முன் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கவட்டை. சைக்கிள் கடைகளில் "போர்க்" என்று சொல்வார்களே, அதுதான். அது முறிந்துவிட்டது.

இது நடந்து 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனாலும், காலை ஷிப்டுக்கு சைக்கிள் மிதிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

பூட்டுத் தொழிலாளி

கிறிஸ்டோப், பாரீஸ் நகரை அடுத்த மலகாப் என்ற ஊரில் 1885-ம் ஆண்டு பிறந்தவர். பந்தயத்துக்கு வருவதற்கு முன்பு பூட்டு வேலை செய்தவர். அரமும் சுத்தியலும் பிடித்துப் பழகிய கை அவருடையது. பிற்காலத்தில் அந்தக் கைதான் அவருடைய மானத்தைக் காப்பாற்றியது.

1910-ம் ஆண்டு இத்தாலியில் நடந்த மிலான்-சான்ரெமோ பந்தயத்தில், கொட்டும் பனியில் சைக்கிள் ஓட்டி வெற்றி பெற்றார். 1912-ம் ஆண்டு "டூர் டி பிரான்சு" பந்தயத்தில் இரண்டாவது இடம் கிடைத்தது. 1913-ல் எப்படியும் முதல் பரிசு வாங்கிவிடுவது என்ற உறுதியோடு களத்தில் இறங்கினார்.

டூர் டி பிரான்சு என்பது, பிரான்சு நாட்டைச் சுற்றி வரும் சைக்கிள் பந்தயம். 1903-ம் ஆண்டு ஒரு விளையாட்டுப் பத்திரிகை இதைத் தொடங்கியது. 1913-ல் பந்தயத்தின் தூரம் 5 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல். அதை 15 கட்டங்களாகப் பிரித்து ஓட்டினார்கள்.

விதிகள் மிகவும் கடுமையானவை. சைக்கிள் பழுதானால் ஓட்டுகிறவரே சரி செய்ய வேண்டும். யாரும் உதவி செய்யக்கூடாது. வேறு சைக்கிள் மாற்றக்கூடாது. அதனால் வீரர்கள் மாற்று டயர்களைத் தோளில் மாலை போல மாட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். டயர் போனால் வழியில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால், போர்க் முறிந்தால் என்ன செய்வது? மாற்று போர்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டா ஓட்ட முடியும்?

கைப்பிடி சொன்னபடி கேட்கவில்லை

அன்று நடந்தது 6-வது கட்டம். பயோன் என்ற ஊரில் இருந்து லூஷோன் என்ற ஊருக்கு 326 கிலோ மீட்டர். வழியில் பெரிய பெரிய மலைகள். அவற்றில் உயரமானது துர்மலே. அதன் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் 2,115 மீட்டர்.

அதுவரை முன்னிலையில் இருந்த வீரர் அன்று பின்தங்கி, பந்தயத்தை விட்டே விலகிவிட்டார். பெல்ஜியம் நாட்டு வீரர் பிலிப் தீசும், கிறிஸ்டோப்பும்தான் முன்னணியில் இருந்தார்கள். மொத்தக் கணக்கில் கிறிஸ்டோப்புக்கு முதலிடம் கிடைக்கும் நிலை. உச்சியைத் தாண்டியாயிற்று. இனி இறக்கம்தான்.

திடீரென்று கைப்பிடி சொன்னபடி கேட்க மறுத்தது. வலது பக்கம் திருப்பினால் சக்கரம் திரும்பவில்லை. கிறிஸ்டோப் பிரேக்கைப் பிடித்தார். வண்டி நின்றது. குனிந்து பார்த்தார்.

போர்க் முறிந்திருந்தது!

பிரேக் பிடிக்க இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், முன் சக்கரம் தனியாகவும் அவர் தனியாகவும் போயிருப்பார்கள். ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பள்ளம். அவர் உயிர் பிழைத்ததற்குக் காரணம் ஒன்றுதான். வண்டியில் ஏதோ சரியில்லை என்று பட்டவுடனே நின்றார். "ஊர் வரைக்கும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்கவில்லை.

அடுத்த ஊர் 10 கிலோ மீட்டருக்கு மேல் இருந்தது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகக் குறுக்குப் பாதை தேடினார். கோவேறு கழுதைகள் போகும் தடத்தில்கூட இறங்கினார். வழியில் அவரைப் பார்த்த சக வீரர் ஒருவர், "அடடா, பாவமே!" என்று பரிதாபப்பட்டுக்கொண்டே கடந்து போனார். நிற்க அவருக்கும் நேரம் இல்லை.

துருத்தி ஊதிய சிறுவன்

மலை அடிவாரத்தில் உள்ள ஊர் சென்-மாரி-த-கம்பான். அங்கே கண்ணில் பட்ட ஒரு சிறுமி, கொல்லன் பட்டறை இருக்கும் இடத்துக்கு அவரை அழைத்துப் போனாள்.

பட்டறைக்காரர் நல்ல மனிதர். "கொண்டாருங்கள், நான் ஒட்டித் தருகிறேன்" என்று கை நீட்டினார். ஆனால், பந்தய அதிகாரிகள் குறுக்கே வந்துவிட்டார்கள். "யாரும் தொடக்கூடாது. அவரேதான் செய்ய வேண்டும்" என்றார்கள். பட்டறைக்காரர் பக்கத்தில் நின்று வாயால் சொல்லலாம். கை வைக்கக்கூடாது.

பூட்டுத் தொழிலாளியின் பழைய அனுபவம் அப்போதுதான் கை கொடுத்தது. கிறிஸ்டோப் உலையில் நெருப்பை மூட்டினார். இரும்பைக் காய்ச்சினார். அடித்தார். அரத்தால் ராவினார். முறிந்த போர்க்கை ஒட்டினார். ஒரு கையால் இரும்பைப் பிடித்து, மறு கையால் சுத்தியலைப் பிடித்து, துருத்தியையும் எப்படி ஊதுவது? பட்டறையில் இருந்த 7 வயதுச் சிறுவன் துருத்தியை ஊதினான்.

வேலை முடிய சுமார் 3 மணி நேரம் ஆனது. காவலுக்கு நின்ற அதிகாரி ஒருவர் பசி தாங்காமல், "போய்ச் சாப்பிட்டு வருகிறேன்" என்றாராம். "பசித்தால் அந்தக் கரியைத் தின்னுங்கள். நான் கைதி, நீங்கள் காவலர். கடைசி வரை இங்கேயே இருங்கள்" என்று கிறிஸ்டோப் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு.

ரொட்டியைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு மறுபடியும் சைக்கிளில் ஏறினார். இன்னும் இரண்டு மலைகள் பாக்கி. அவற்றையும் ஏறி இறங்கி லூஷோன் போய்ச் சேர்ந்தார். தீஸ் வந்து சேர்ந்து 3 மணி 50 நிமிடம் ஆகியிருந்தது.

அங்கே அவருக்கு ஒரு செய்தி காத்திருந்தது.

துருத்தி ஊத ஒரு சிறுவனை அனுமதித்தது குற்றம். அதற்காக 10 நிமிடம் தண்டனை!

பின்னர் அதை 3 நிமிடமாகக் குறைத்தார்கள். ஏற்கனவே 4 மணி நேரம் பின்தங்கிப் போனவருக்கு 10 நிமிடம் என்றால் என்ன, 3 நிமிடம் என்றால் என்ன? ஆனாலும் கிறிஸ்டோப் பந்தயத்தை விடவில்லை. பாரீஸ் வரை ஓட்டி, 7-வது இடத்தில் முடித்தார். முதல் பரிசு தீசுக்குப் போனது.

மஞ்சள் சட்டை

முதலாம் உலகப் போர் காரணமாக 4 ஆண்டுகள் பந்தயம் நடக்கவில்லை. 1919-ல் மீண்டும் நடந்தது. கிறிஸ்டோப்புக்கு அப்போது வயது 34.

அந்த ஆண்டுதான், முன்னிலையில் இருப்பவர் யார் என்று கூட்டத்துக்குத் தெரிவதற்காக மஞ்சள் நிறச் சட்டை கொடுக்கும் வழக்கம் வந்தது. பந்தயத்தை நடத்திய பத்திரிகை மஞ்சள் காகிதத்தில் அச்சாகிக் கொண்டிருந்தது. அந்தச் சட்டையை முதன் முதலில் அணிந்தவர் கிறிஸ்டோப்தான். வழியில் நின்றவர்கள் "மஞ்சள் குருவி" என்று கேலி செய்தார்களாம். இன்று அந்தச் சட்டைக்காக உலக வீரர்கள் உயிரைக் கொடுத்து ஓட்டுகிறார்கள்.

பந்தயம் முடிய இன்னும் இரண்டே கட்டங்கள். கிறிஸ்டோப் சுமார் அரை மணி நேரம் முன்னிலையில் இருந்தார். மெட்ஸ் நகரில் இருந்து டன்கர்க் நகருக்கு 468 கிலோ மீட்டர் ஓட்ட வேண்டும். வழியில் வலென்சியன் அருகே கல் பாவிய சாலை. அதில் குலுங்கிக் குலுங்கிப் போனபோது, மறுபடியும் போர்க் முறிந்தது!

பக்கத்தில் ஒரு பட்டறை இருந்தது. மறுபடியும் தன் கையாலேயே சரி செய்தார். ஆனால், அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. மஞ்சள் சட்டையும் போய்விட்டது. பெல்ஜியம் வீரர் பிர்மின் லம்போ வெற்றி பெற்றார். கிறிஸ்டோப்புக்கு 3-வது இடம்.

பிரெஞ்சு மக்களால் இதைத் தாங்க முடியவில்லை. பத்திரிகை மூலம் நிதி திரட்டினார்கள். பணக்காரர்கள் நூற்றுக்கணக்கில் கொடுத்தார்கள். சாதாரண மக்கள் இரண்டு, மூன்று பிராங்கு என்று அனுப்பினார்கள். கடைசியில், முதல் பரிசு பெற்றவருக்குக் கிடைத்ததைவிட அதிகப் பணம் கிறிஸ்டோப்புக்குச் சேர்ந்தது.

1922-ல் அவருக்கு 37 வயது. மறுபடியும் சில நாட்கள் மஞ்சள் சட்டை அணிந்தார். கலிபியே என்ற மலையில் இருந்து இறங்கும்போது, மூன்றாவது முறையாகப் போர்க் முறிந்தது!

டூர் டி பிரான்சில் அவர் ஒரு தடவைகூட முதல் பரிசு வாங்கவில்லை. 1970-ம் ஆண்டு, 85-வது வயதில் காலமானார். ஆனால், முதல் பரிசு வாங்கிய பலருடைய பெயர்கள் மறந்து போன பிறகும், போர்க்கை ஒட்டிய அந்த மனிதரின் பெயர் நிற்கிறது. அந்த மலை ஊரில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

சொல்லாமல் மறைத்த உண்மை

இந்தக் கதையில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு.

1913-ல் போர்க் முறிந்ததை கிறிஸ்டோப் அப்போது வெளியே சொல்லவில்லை. சொன்னால், தனக்குச் சம்பளம் கொடுத்து சைக்கிளும் கொடுத்த கம்பெனிக்குக் கெட்ட பெயர் வரும் என்று வாயை மூடிக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்துத்தான் உண்மையைச் சொன்னார்.

விசுவாசம் நல்லதுதான். ஆனால், பழுதை மறைப்பதால் பழுது தீர்ந்துவிடாது.

இது பந்தய வீரர்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. பீனியா தொழிற்பேட்டையானாலும், தாராவி சந்தானாலும், ஒரே அறையில் நான்கு பேர் தங்கி ஒரு சைக்கிளை மாற்றி மாற்றி ஓட்டுவது உண்டு. ஒருவர் இரவில் பள்ளத்தில் விட்டு விழுகிறார். முழங்காலில் சிராய்ப்பு. கைப்பிடியை நேராகத் திருகி வைத்துவிட்டு, "சொன்னால் திட்டுவான்" என்று பேசாமல் படுத்துவிடுகிறார். விடிந்ததும் இன்னொருவர், அடி பட்டது தெரியாமல், அதே சைக்கிளில் லாரிகளுக்கு நடுவே புறப்படுகிறார்.

போர்க் முறியும்போது அது யார் விழுந்த சைக்கிள் என்று பார்த்து முறிவதில்லை.

ஆகவே, முதல் பாடம் இது. சைக்கிள் விழுந்தால், விழுந்தது என்று சொல்லிவிட வேண்டும். சொந்தக்காரரிடமும் சொல்ல வேண்டும். பழுது பார்க்கும் கடைக்காரரிடமும் சொல்ல வேண்டும். நான்கு வார்த்தை திட்டு வாங்கினால் நான்கு நாளில் மறந்துவிடும். பல்லும் தாடையும் உடைந்தால் மறக்காது.

இரும்புக்கும் களைப்பு உண்டு

நல்ல இரும்பு எப்படி திடீரென்று முறிகிறது?

ஒரு கம்பியை எடுத்து ஒரு தடவை வளைத்தால் ஒடியாது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். போர்க்கும் அப்படித்தான். ஒவ்வொரு பள்ளத்திலும், ஒவ்வொரு முறை முன் பிரேக் பிடிக்கும்போதும் அது கண்ணுக்குத் தெரியாமல் அசைந்து கொடுக்கிறது. நாளடைவில் எங்காவது மயிரிழை அளவு விரிசல் விழுகிறது. துரு அதற்குத் துணை போகிறது. விரிசல் மெல்ல மெல்ல வளர்கிறது. ஒரு நாள் சாதாரணக் குலுக்கலிலேயே முறிந்துவிடுகிறது. பார்ப்பவர்களுக்கு அது திடீர் விபத்து. இரும்புக்கு அது பல மாதக் கதை.

சைக்கிளில் மற்ற எது பழுதானாலும் தப்பிக்க வழி உண்டு. செயின் கழன்றால் மாட்டலாம். டியூப் பஞ்சரானால் தள்ளிக்கொண்டு போகலாம். போர்க் முறிந்தால் முகம் குப்புற விழ வேண்டியதுதான்.

ஆனால், முறிவதற்கு முன்பு அது பெரும்பாலும் அடையாளம் காட்டும். இரண்டு கம்பிகளும் மேலே சேரும் இடத்தில் பெயிண்டு வெடித்திருக்கும். அல்லது மெல்லிய கோடு போல துரு தெரியும். கையை லேசாகத் தளர்த்தினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பிரேக் பிடித்தால் முன் பக்கம் "டக், டக்" என்று அசையும்.

பத்து நிமிடப் பரிசோதனை

வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் முன்பு பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

பழைய துணியால் போர்க்கைத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அழுக்கு மூடிய விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று பார்க்கும்போது, போர்க் பின்பக்கமாக மடிந்தது போலத் தெரிந்தால், அது எங்கோ மோதியிருக்கிறது என்று அர்த்தம். கைப்பிடிக்குக் கீழே, பிரேமின் குழாய்கள் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தையும் தடவிப் பார்க்க வேண்டும். பெயிண்டு சுருங்கி மேடாக இருந்தால் அங்கேயும் அடி விழுந்திருக்கிறது.

முன் சக்கரத்தை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கைப்பிடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சக்கரம் அசையாமல் கைப்பிடி மட்டும் எளிதில் திரும்பினால், அதை முறுக்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால், கோன் தளர்ந்திருக்கிறதா என்று தெரியும்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால், கோட்டம் இருந்தால் ரிம் பிரேக் கட்டையில் உரசும். தேய்ந்த பிரேக் கட்டைக்கு ஆகும் செலவு சிறிது. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது என்பதையும் மறக்கக்கூடாது. மழை நாளில் முன்கூட்டியே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட வேண்டும்.

பெடல் மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் நழுவினால், அது காட்டர் பின் தளர்ந்ததற்கு அடையாளம். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது அது காலை வாரிவிடும்.

இன்னொன்று. சாப்பாட்டுத் தூக்கை கைப்பிடியில் தொங்கவிட்டுப் போகும் வழக்கம் பலருக்கு உண்டு. பை ஆடி ஆடி முன் சக்கரத்துக் கம்பிகளுக்குள் போனால், சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஓட்டுகிறவர் தலைக்கு மேல் பறப்பார். தூக்குக்கு இடம் பின்னால் கேரியர்தான்.

ஒட்டிய போர்க் வேண்டாம்

மடிந்த போர்க்கை நிமிர்த்தி, வெடித்த இடத்தில் வெல்டிங் வைத்துத் தருகிற கடைகள் உண்டு. செலவு குறைவு. "கிறிஸ்டோப் ஒட்டி ஓட்டினாரே" என்று கேட்கலாம்.

கிறிஸ்டோப்புக்கு அன்று வேறு வழி இல்லை. மாற்ற விதி இடம் கொடுக்கவில்லை. நமக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. ஒரு தடவை மடிந்த இரும்பு பலம் இழந்த இரும்பு. வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விழக்கூடும். போர்க்கில் சிக்கனம் பார்க்கக்கூடாது. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் மட்கார்டிலும் மணியிலும் பிடிக்கலாம்.

விதிகளும் மாறிவிட்டன. இன்று டூர் டி பிரான்சில் வீரர்களுக்குப் பின்னால் மாற்று சைக்கிள்களுடன் கார்கள் வருகின்றன. பழுதானால் உடனே வேறு சைக்கிள் கொடுத்து ஏற்றிவிடுகிறார்கள். அன்று தண்டனைக்கு உரிய குற்றமாக இருந்தது இன்று சாதாரண உதவி.

ஆனால், ஷிப்டுக்கு ஓட்டுகிறவருக்குப் பின்னால் எந்தக் காரும் வருவதில்லை. சைக்கிள் முறிந்தால் அரை நாள் சம்பளம் போகும். கை முறிந்தால் மாதச் சம்பளமே போகும். ஊரில் மணியார்டரை எதிர்பார்த்த காலம் போய், இப்போது போனில் பணம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். எதிர்பார்க்கும் கண்கள் அதே கண்கள்தான்.

அன்று மலைப் பாதையில் கைப்பிடி கொஞ்சம் முரண்டு பிடித்தவுடனே கிறிஸ்டோப் பிரேக்கைப் பிடித்து நின்றார். போட்டி போனது. பரிசு போனது. ஆனால், அதன் பிறகு 56 ஆண்டுகளுக்கு மேல் அவர் உயிரோடு இருந்தார்.

நாளைக் காலை சைக்கிளை எடுக்கும்போது, ஏறி உட்காரும் முன்பு ஒரு தடவை குனிந்து முன் சக்கரத்துப் பக்கம் பார்த்துவிட்டு ஏறுங்கள். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.